தஞ்சைக் கலைக்கூடத்தில் ஒரு பிற்பகல்

பெரிய கோயிலைத் தரிசித்துவிட்டு அப்படியே ஊர் திரும்பிவிடும் யாத்திரிகர்கள், சற்றே தொலைவில், பழைய அரண்மனைக்குள் 1951-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் கலைக்கூடத்தையும் காண வேண்டுமென்பது என் பிரார்த்தனை. அங்கே, திருவெண்காட்டு மண்ணிலிருந்து வெளிப்பட்ட ரிஷபவாகன தேவரின் திருமேனிக்கு முன் நின்றால் போதும். பாம்புகளே தலைப்பாகையாய்ச் சுற்றிய ஜடையும், ஒரு காலின் மேல் மறுகாலைச் சாய்த்து ஒயிலாக நிற்கும் நிலையும், காளை இல்லாமலே காளையின் மீது ஊன்றியிருப்பதாகத் தோன்றும் கரமும், ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், மெழுகில் உருவம் சமைத்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்த்த ஸ்தபதியின் ஞானத்தை நமக்கு அறிவிக்கும். வார்ப்புக்குப் பின் அச்சை உடைத்தே சிலையை எடுக்க வேண்டுமாதலால், ஒவ்வொன்றும் தனிப்பிறவி.

ஆனால், நம் பள்ளிச் சிறுவர்களை இத்தகைய இடங்களுக்கு அழைத்துச் செல்லும்போது, வரிசையாக நடத்தி அரைமணியில் வெளியேற்றிவிடுகிறோமே, அது தகுமா? ஒரு வகுப்புக்கு ஒரு சிலை போதும். அதன் முன் அமர்த்தி, வரையச் சொல்லி, ஆசிரியர் அதன் கதையை நிதானமாக விவரிக்கட்டும். பாடத்திட்டத்திலேயே அதற்கென ஒரு முழு நாளைக் கல்வித் துறை ஒதுக்கட்டும்.