நஹூம் கடை யாருடைய மரபு?

கொல்கத்தா நியூ மார்க்கெட்டில் உள்ள 'நஹூம் அண்டு சன்ஸ்' அடுமனையைப் பற்றி டிசம்பர்தோறும் ஏறக்குறைய ஒரே கட்டுரையே திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. கிறிஸ்துமஸ் கேக்குக்காகக் காத்திருக்கும் நீண்ட வரிசை, மாறாத பழைய கடை முகப்பு, இறுதியில் 'நகரின் கடைசி யூத அடுமனை' என்றொரு பெருமூச்சு. இந்தக் 'கடைசி' என்னும் சொல் வரலாற்றின் ஒரு பாதியைச் சொல்லி மறுபாதியை மறைக்கிறது.

சொல்லப்படும் பாதி உண்மையானதே. அலெப்போவைச் சேர்ந்த ஷாலோம் கோஹன் 1798இல் கொல்கத்தாவுக்கு வந்தார். அவருக்குப் பின் பாக்தாத் யூதர்கள் அங்கே வேரூன்றினர். எபிரேய எழுத்தில் அச்சிட்ட அரபு இதழ்களையும் நடத்தினர். அம்மரபில் வந்த நஹூம் இஸ்ரேல் மொர்தெக்காய் 1902இல் தொழிலைத் தொடங்கினார். 1916 முதல் கடை இப்போதைய இடத்தில் இயங்குகிறது. 1940களில் சில ஆயிரமாக இருந்த அச்சமூகம், நாட்டு விடுதலைக்கும் இஸ்ரேலின் தோற்றத்துக்கும் பின் இஸ்ரேல், பிரிட்டன், ஆஸ்திரேலியா எனப் பிரிந்து சென்றது. இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. மூன்றாம் தலைமுறையினரான டேவிட் நஹூம் 2013இல் மறைந்தார்.

ஆயினும் கடை மூடப்படவில்லை. மாவு பிசைந்து அடுப்பைக் காத்துவரும் பணியாளர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். நகரின் யூதத் தொழுகைக்கூடங்களைப் பராமரிப்போரும் முஸ்லிம்களே. யூதப் பெண்கள் பள்ளியில் படிப்போரிலும் அவர்களே பெரும்பான்மை. 'கடைசி' என்னும் சொல்லில் இவர்கள் எவருக்கும் இடமில்லை.

அக்கடையில் விற்கும் பாலாடைக்கட்டிச் சம்பூசக்கையே எடுத்துக்கொள்ளலாம். பாரசீகச் சொல்லொன்று அரபியில் 'சம்பூசக்' என்றும், இந்தியாவில் 'சமோசா' என்றும் வழங்கலாயிற்று. பாக்தாதிலிருந்து வந்த வடிவம், முன்னரே இங்கு குடியேறிவிட்ட தன் உறவை நியூ மார்க்கெட்டில் சந்தித்தது. ஒரு மொழி தொடங்கியவர்களால் மட்டும் வாழ்வதில்லை, பேசுவோரால் வாழ்கிறது. சமையல் மரபும் அத்தகையதே.

பணியாளர்களை முன்னிறுத்தினால் யூத வரலாறு மங்கிவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. அவ்வச்சம் தேவையற்றது. நிறுவியவரின் பெயர் பலகையில் இருக்கிறது. குடும்பத்தின் கதை பலமுறை பதிவாகியிருக்கிறது. பதிவாகாமல் கரைந்துகொண்டிருப்பது அடுப்படியின் அறிவே: மாவின் பதம், சூட்டின் கணக்கு, ஒருவர் மற்றொருவருக்குக் கற்றுக்கொடுத்த முறை. வாய்மொழி வரலாற்று ஆய்வுகள் கல்லாவுக்கு முன்னால் நின்றுவிடாமல் அடுப்படிவரை செல்ல வேண்டும். இல்லையேல் 'கடைசி' என்னும் சொல்லை நம் அலட்சியமே மெய்யாக்கிவிடும்.