கருவளர்ச்சி ஆராய்ச்சியும் நமது கடமையும்

சட்டம் தெரியாது என்று சொல்லி நியாயஸ்தலத்தில் எவரும் தப்ப முடியாது. ஆனால் அச்சட்டத்தைக் கெஜட்டில் பிரசுரித்து ஜனங்களுக்கு அறிவிக்கும் கடமை ஸர்க்காரைச் சேர்ந்தது. இயற்கையின் சட்டமும் அறியாமையைச் சமாதானமாக ஏற்பதில்லை. அதனை ஜனங்களுக்கு அறிவிக்கவேண்டிய கடமை யாரைச் சேர்ந்தது என்பதே நாம் இன்று எழுப்பும் கேள்வி.

கருத்தரித்த 28 நாட்களுக்குள் சிசுவின் நரம்புக் குழல் மூடிவிடுகிறது. அக்குழலே பின்னர் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளர்கிறது. அது சரிவர மூடாவிடில், சிசு மூளை நிறைவுறாமலோ முதுகெலும்பு பிளந்தோ பிறக்கிறது. நாள் தள்ளிப்போனதைக் கண்டு பெண் வைத்தியரை நாடுமுன்னரே இந்த 28 நாட்கள் பெரும்பாலும் கழிந்துவிடுகின்றன. அதன்பின் கொடுக்கும் மாத்திரை வேறு நன்மைகள் செய்யலாம். மூடாத குழலை மூடாது.

இத்தகைய குழந்தையை முன்பு பெற்ற தாய்மார், கருத்தரிக்குமுன்பே ஃபோலிக் அமிலம் உட்கொள்ளத் தொடங்கினால், அக்குறை மீண்டும் நேர்வது நூற்றுக்கு 72 பங்கு குறையுமென்று 7 தேசங்களில் நடந்த பரிசோதனை 1991-ல் நிரூபித்தது. மறு வருஷமே அமெரிக்கப் பொதுச் சுகாதார இலாகா, கருத்தரிக்கக்கூடிய பெண்கள் யாவரும் தினம் 400 மைக்ரோகிராம் உட்கொள்ள வேண்டுமென்று அறிவித்தது.

இம்மருந்தின் சரித்திரம் நம் நாட்டுடன் பிணைந்தது. 1928-ல் பம்பாய்க்கு வந்த லூஸி வில்ஸ் என்னும் ஆங்கில மாது, ஆலைத் தொழிலாளரான கர்ப்பிணிகளின் இரத்தசோகையை ஆராய்ந்து, ஈஸ்ட் சாற்றில் அதற்குப் பரிகாரம் உண்டென்று கண்டார். அதிலிருந்த சத்தே ஃபோலிக் அமிலமென்று பின்னர் விளங்கிற்று. அதனை 1945-ல் அமெரிக்காவில் செயற்கையாகத் தயாரித்த கோஷ்டியின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். நம் தாய்மாரின் நோயிலிருந்து பிறந்த ஞானம் நம் தாய்மாருக்கே காலம் கடந்து வருவது நமக்குப் பெருமை தருவதா?

ஸர்க்கார் இதனை அறியாமலில்லை. 2018-ல் தொடங்கிய இரத்தசோகை ஒழிப்புத் திட்டத்திலேயே, கருத்தரிக்குமுன் ஃபோலிக் அமிலம் உட்கொள்ளும்படி சொல்லப்பட்டிருக்கிறது. விதி ஏட்டில் இருக்கிறது, வீட்டுக்கு வரவில்லை.

"நம் பாட்டிமார் கீரை உண்டு பிள்ளை பெறவில்லையா?" என்பர் சிலர். கீரையில் இச்சத்து உண்டென்பது மெய்யே. ஆனால் கொதிக்க வைக்கையில் பெரும்பங்கு அழிந்து போகிறது. பாட்டிமார் இழந்த சிசுக்களின் கணக்கை எவரும் எழுதி வைக்கவுமில்லை.

புதுவைக்கு இவ்விஷயத்தில் விசேஷப் பொறுப்பு உண்டு. 1823-ல் பிரெஞ்சுக்காரர் நிறுவிய வைத்தியப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் இங்கே இருக்கிறது. உலகத்துப் புதிய ஆராய்ச்சிகளை அங்குள்ள பேராசிரியர்கள் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். கருவளர்ச்சி பற்றி அவர்கள் அறிந்ததை, மாதம் ஒருமுறையேனும் எளிய தமிழில் ஒரு பக்கம் எழுதித் தந்தால், அதனை வெளியிடுவது பத்திரிகைகளின் கடமையாகும். நகராட்சியிலும் கொம்யூன் பஞ்சாயத்துகளிலும் திருமணத்தைப் பதிவு செய்ய வரும் ஒவ்வொரு தம்பதியின் கையிலும் ஒரு தமிழ்த் துண்டுப் பிரசுரம் கொடுக்கலாம். கருத்தரிக்குமுன் என்ன செய்யவேண்டும், எந்த அளவு மாத்திரை, முன்பே குறையுள்ள குழந்தை பெற்றவர் அதிக அளவுக்கு வைத்தியரை ஏன் கேட்கவேண்டும் என்னும் மூன்று விஷயங்கள் அதிலிருந்தால் போதும்.

இதற்குப் புதிய கட்டிடம் வேண்டாம். பெரும் பொருட்செலவும் வேண்டாம். சாஸ்திரம் பண்டிதர் அறையிலேயே தங்கிவிட்டால் அது பாதி சாஸ்திரம்தான். மணப்பெண்ணுக்கு அது உரிய காலத்தில் எட்டவேண்டும். புதுவை ஸர்க்கார் இவ்வருஷமே இதனைத் தொடங்கவேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.