பிள்ளையின் சைக்கிள், அப்பாவின் தொப்பை

நாமக்கல் மாவட்டம் எருமப்பட்டிப் பக்கம் பல வீடுகளில் திண்ணையோரம் ஒரு சைக்கிள் துருப்பிடித்துக் கிடக்கும். பதினொன்றாம் வகுப்பில் அரசு இலவசமாகக் கொடுத்தது. பிள்ளை கல்லூரிக்குப் பேருந்தில் போய்விட, வண்டிக்கு ஆளில்லை. அப்பாவோ கடைத்தெருவுக்கே மொபெட்டில் போகிறார். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டு ஆண்களில் 37 விழுக்காட்டினரும் பெண்களில் 40 விழுக்காட்டினரும் எடை கூடியவர்கள். டயரை மாற்றி அப்பாவே அந்த வண்டியை மிதிக்கட்டும் என்பேன். ஆனால் மிதித்தால் மட்டும் தொப்பை இறங்கிவிடாது. 70 கிலோ ஆள் ஒரு மணி நேரம் மிதமாக மிதித்தால் சுமார் 400 கலோரி கரையும். திரும்பும் வழியில் இரண்டு பரோட்டா, சால்னா என்றால் அத்தனையும் வந்து சேர்ந்துவிடும், மேலேயும் கொஞ்சம். சோற்றைக் குறைக்கச் சொன்னால் சண்டைக்கு வருவோம் (நானும்தான்). நாமக்கல்லில் முட்டைக்கா பஞ்சம்? ஒன்றில் ஏறக்குறைய 6 கிராம் புரதம். ஊர் ஊராக லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, நாம் இரண்டாம் முறையும் சோறே போட்டுக்கொள்கிறோம். அந்த இரண்டாம் சோற்றுக்குப் பதில் இரண்டு அவித்த முட்டை, ஒரு கரண்டி கீரை வைத்தால் பசி தாங்கும். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு சோற்றில் கைவைக்கவும்.