கொல்லிமலை உங்க பிக்னிக் ஸ்பாட் இல்லைங்க

லீவு விட்டா போதும், பொன்மலை, ஸ்ரீரங்கம் பக்கமிருந்து கார் கிளம்பிடுது. 70 கொண்டை ஊசி வளைவு, ஆகாயகங்கையில ஒரு குளியல், நாலு செல்ஃபி. கேட்டா 'சூழல் சுற்றுலா'வாம்.

அந்த அருவித் தண்ணிதாங்க அய்யாறு. புளியஞ்சோலையில இறங்கி, துறையூர், முசிறி பக்கத்து வயலுக்குப் பாய்ஞ்சு காவிரியில சேருது. நீங்க அங்க கிழிச்சுப் போடுற ஷாம்பு பாக்கெட் கீழ எங்க மடையிலதான் வந்து அடைக்கும்.

ஆராய்ச்சிக்கு வர்றவங்க கொஞ்சம் பரவாயில்லை, குப்பை போடறதில்லை. ஆனா மலையாளி சனங்க (கேரளத்துக்காரங்க இல்லை, இந்த மலையோட பழங்குடிங்க) தலைமுறையா காப்பாத்தின சாமை, தினை விதையைப் பத்தி எழுதி எடுத்துட்டுப் போறாங்களே, திரும்ப என்ன வருது? உள்ளூர்ல பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கணும், பலன்ல பங்கு தரணும்னு 2002-லயே சட்டம் போட்டாச்சு. அந்தக் குழுவைத் தேடிப் போய்க் கேட்டவங்க எத்தனை பேரு?

சாமை விளைஞ்ச நிலத்துல இப்ப மரவள்ளி நிக்குது, ஜவ்வரிசி ஆலைக்குப் போக. சாமையை வாங்க ஆளில்லாம அவங்க வேற என்ன பண்ணுவாங்க?

வராதீங்கன்னு சொல்லலை. வந்தா ரிசார்ட்டுல பரோட்டா தின்னாம, மலைக்காரங்க வீட்டுல சாமைச்சோறு கேட்டுச் சாப்பிடுங்க. ரெண்டு கிலோ சாமையும் வாங்கிட்டுப் போங்க, பேரம் பேசாம.