நாய் கடித்தால் மஞ்சள் அல்ல, சோப்பு!

"நாய் கடிச்சா தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி போடுவாங்களாமே!"

காந்தி மார்க்கெட்டிலும் சத்திரம் பஸ் நிலையத்திலும் இன்றைக்கும் காதில் விழுகிற பேச்சு இது. இந்தப் பயத்தாலேயே ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு.

அந்தத் தொப்புள் ஊசி மலையேறிவிட்டது. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து அது. 1907-ல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் பல ஆண்டுகள் தயாரானது. 2004 கடைசியோடு நாடு முழுவதும் அதற்கு முழுக்குப் போட்டாகிவிட்டது. இப்போது கையில்தான் ஊசி. இரண்டு கையிலும் தோலுக்குள் துளியூண்டு மருந்து. நாலே நாலு தடவை: கடிபட்டதும் ஒன்று, அந்த நாளை விட்டு எண்ணினால் 3-வது, 7-வது, 28-வது நாளில் ஒவ்வொன்று. அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பைசா செலவில்லை.

ஊசிக்கும் முந்தி ஒன்று உண்டு. சோப்பு! கடிபட்ட இடத்தைக் குழாயடியில் வைத்து, சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். 15 நிமிடம் என்றால் கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம். துணி சோப்பே போதும். நாய் எச்சிலில் இருக்கும் கிருமிக்கு மேலே ஒரு கொழுப்புச் சட்டை. சோப்பு பட்டால் அது கிழிந்துபோகும்.

நடப்பதோ வேறு. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, மண்ணெண்ணெய்... வீட்டுக்கு ஒரு வைத்தியம்! புண் எரிச்சல் எடுப்பதுதான் மிச்சம். மந்திரிக்கப் போனால் பொழுதும் போச்சு.

"சின்னக் கீறல்தானே?" "நம்ம தெரு நாய்தானே?" "குட்டிதானே?" - திருச்சியானாலும் ஸ்ரீரங்கமானாலும் இந்த மூன்று 'தானே'தான் ஆளைக் கவிழ்க்கிறது. கிருமி நரம்பு வழியாக மூளைக்கு ஊர்ந்து போகிறது. பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம் பிடிக்கும். அதுவரை ஆள் நன்றாகவே இருப்பார். கடை திறப்பார், ஆபீஸ் போவார். தண்ணீரைக் கண்டாலே தொண்டை இழுக்க ஆரம்பித்துவிட்டால் அப்புறம் எந்த டாக்டர் வந்தாலும் பிழைக்க வைப்பது அரிதிலும் அரிது. 2024-ல் தமிழ்நாட்டில் இப்படிப் போன உயிர்கள் 43.

ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசி மட்டும் போதாது. அது உடம்பில் பிடிக்க ஒரு வாரமாவது ஆகும். அதுவரை காவல் காக்கக் காயத்திலேயே 'சீரம்' போட வேண்டும். புத்தூர் பெரிய ஆஸ்பத்திரியோ வேறு எங்கேயோ, "சீரம் போட்டாச்சா?" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்பதில் என்ன வெட்கம்?

பிள்ளைகள் சமாச்சாரம்தான் கவலை. உலகத்தில் வெறிநோயால் சாகிறவர்களில் பத்துக்கு நாலு பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். நாயைச் சீண்டியது தெரிந்தால் முதுகில் விழும் என்று கீறலை மறைத்துவிடுகிறார்கள். "நாய் நக்கினாலும் பிறாண்டினாலும் வந்து சொல்லு, திட்ட மாட்டேன்" என்று அம்மாக்கள் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

இனி மாநகராட்சி. தெரு நாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசியும் போட்டுத்தான் விட வேண்டும் என்பது 2023-ம் ஆண்டு விதி. கருத்தடை ஒரு தடவையோடு முடிந்தது. வெறிநோய் ஊசி அப்படி அல்ல. வருடா வருடம் போட வேண்டும். விட்ட நாயை மறு வருடம் தேடிப் போக வேண்டும். கோவாவில் தெருத் தெருவாகப் போய் நாய்களுக்கு ஊசி போட்டார்கள். 2018-லும் 2019-லும் அங்கே வெறிநோய்க்கு ஓர் உயிர்கூடப் போகவில்லை. நூற்றுக்கு 70 நாய்க்கு ஊசி போட்டாலே நோய் பரவுவது நின்றுவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

திருச்சியில் எந்த வார்டில் எத்தனை நாய், இந்த வருடம் அதில் எத்தனைக்கு ஊசி? மாதா மாதம் வார்டு அலுவலக வாசலில் ஒரு கரும்பலகையில் எழுதி வைக்கட்டும். செலவு ஒரு சாக்பீஸ்தான்.