ஒரே விண்கலம் போதுமா?

சூரியக் காற்றின் கொந்தளிப்பை அறிய ஒரே விண்கலம் போதும் என்ற கருத்து நெடுநாளாகச் செல்வாக்கோடு இருக்கிறது. கலத்தைக் கடந்து செல்லும் காந்தப்புலம் நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று பதிவு செய்து, அந்த நேரத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால், அது இடத்தில் எப்படிப் பரவியிருக்கிறது என்பது தெரிந்துவிடுமாம். இதன் அடிப்படை, 1938இல் ஜி.ஐ. டெய்லர் முன்வைத்த 'உறைநிலை'க் கருதுகோள்: கலத்தைக் கடக்கும் நேரத்துக்குள் கொந்தளிப்பின் வடிவம் மாறாது என்பது. ரயில் கடக்கும் நேரத்தை வைத்து அதன் நீளத்தைச் சொல்வது போன்ற கணக்கு இது. கடக்கும்போதே பெட்டிகள் இடம் மாறினால் கணக்கு என்னாகும்?

ஆதரவாளர்களின் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. "காற்று அலையைவிட வெகு வேகம்." பூமிக்கு அருகில் உண்மைதான். காற்று நொடிக்குச் சுமார் 400 கி.மீ. வேகத்தில் வீசுகிறது, காந்தப்புலக் கோடுகள் வழியே பரவும் ஆல்வென் அலையின் வேகம் சுமார் 50 கி.மீ.தான். ஆனால் 2021 ஏப்ரல் 28 அன்று நாசாவின் பார்க்கர் சூரிய ஆய்வுக் கலம், சூரியப் பரப்பிலிருந்து சுமார் 1.3 கோடி கி.மீ. உயரத்தில், அலை காற்றை முந்தும் பகுதிக்குள் நுழைந்தது. அங்கே இந்த வாதத்துக்கு இடமில்லை.

2. "பார்க்கரின் சொந்த ஓட்டமே அதை ஈடுகட்டும்." ஓரளவுக்குத்தான். 2024 டிசம்பரில் அது நொடிக்குச் சுமார் 190 கி.மீ. வேகத்தை எட்டியது. திருத்திய கணக்கு ஒன்றும் உண்டு. ஆனால் அது சூரியனிலிருந்து வெளியே செல்லும் அலைகளுக்கே பொருந்தும். கொந்தளிப்போ எதிரெதிர் அலைகள் மோதுவதால் வளர்வது. மோதலில் ஒரு தரப்பின் கணக்கு மட்டும் கைக்கு வந்தால் போதுமா?

3. "சிறிய அளவுகளில் சிக்கல் இல்லை." அங்கேதான் சிக்கல் கூடுகிறது. சிறிய அளவுகளில் எழும் விசிலர் அலைகளின் நீளம் குறையக் குறைய வேகம் கூடுகிறது. காற்றின் வேகத்தை அவை நெருங்கும்போது 'உறைந்த' என்ற சொல்லுக்கே பொருளில்லை.

4. "கால மாற்றத்தைத் தனியே அறிந்து என்ன பயன்?" காஸ்மிக் கதிர்த்துகள்கள் எப்படிச் சிதறுகின்றன என்பது அதைப் பொறுத்தது. சிறு சுழலின் நினைவு (முன்பிருந்த வடிவத்தின் சாயல்) அழிவதற்குப் பெரிய சுழல் அதை அடித்துச் செல்வது காரணமா, அலை கடப்பது காரணமா, அது தானே சிதைவது காரணமா? இட-கால ஒட்டுறவைக் கணக்கிட்டால்தான், அதாவது இரண்டு இடங்களின் அளவீடுகளை வெவ்வேறு கால இடைவெளிகளில் ஒப்பிட்டால்தான் இவற்றைப் பிரிக்க முடியும்.

5. "பல கலங்கள் வீண் செலவு." 2000இல் ஏவிய க்ளஸ்டரும் 2015இல் ஏவிய எம்.எம்.எஸ்.ஸும் நந்நான்கு கலங்கள் கொண்டவை. ஒரு நேரத்தில் ஏறக்குறைய ஒரே இடைவெளி அளவைத்தான் நான்கு கலங்களால் பார்க்க முடியும். நாசா தேர்ந்தெடுத்துள்ள ஹீலியோஸ்வார்ம் திட்டத்தின் ஒன்பது கலங்கள் 36 இணைகளைத் தரும். சிறிய, பெரிய அளவுகள் ஒருசேரக் கிடைக்கும்.

ஹீலியோஸ்வார்ம் ஏவப்படும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலுள்ள எல்1 பகுதியில் விண்ட், ஏஸ் கலங்களோடு இந்தியாவின் ஆதித்யா-எல்1 கலமும் 2024 ஜனவரி முதல் சுற்றிவருகிறது. அவற்றின் காந்தமானிப் பதிவுகளை இணை இணையாக ஒப்பிடப் புதிய ராக்கெட் எதுவும் வேண்டாம். டெய்லரின் கருதுகோளைக் கைவிடச் சொல்லவில்லை. எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று சோதித்த பிறகே அதைப் பயன்படுத்துங்கள் என்கிறோம்.