சிலம்பை உடைக்க ஓர் இடம் வேண்டும்!

தோழனே!

நல்லம்பள்ளிக் கூட்டம் முடிந்து மேடையைவிட்டு இறங்கினேன். முதியவர் ஒருவர் என் கையைப் பற்றினார். "பேரறிவாளன் வழக்கை மறுபடியும் கேட்டிருக்க வேண்டும் என்று பேசினீர்களே, தம்பி! பஸ்ஸைக் கொளுத்தியவர்களுக்கும் அதே நியாயம்தானா?" என்றார்.

கேட்டவர் வம்புக்குக் கேட்கவில்லை. வெந்த நெஞ்சோடு கேட்டார். அங்கிருந்து சில கல் தொலைவில்தான் இலக்கியம்பட்டி. 2000 பிப்ரவரி 2 அன்று, தங்கள் தலைவிக்குத் தண்டனை என்றதும் வெறிகொண்டோர் வைத்த தீயில், வேளாண் பல்கலைக்கழக மாணவியர் மூவர் பேருந்துக்குள்ளேயே கருகி மாண்ட இடம் அது!

தீ வைத்த அ.தி.மு.க.வினர் மூவருக்குத் தூக்கு. 2010இல் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால் 2014இல் அதே மன்றம், மரண தண்டனை மீதான சீராய்வு மனுவை மூன்று நீதிபதிகள் திறந்த மன்றத்தில் கேட்டாக வேண்டும் என்றது. கேட்டார்கள். 2016இல் தூக்குக்கயிறு ஆயுள் சிறையாயிற்று.

குமுறினோம், மறைப்பானேன்? ஆயினும் முதியவருக்கு நான் சொன்ன விடை இதுதான்: ஆம் ஐயா, அவர்களுக்கும் அதே நியாயம்தான்! நமக்கு வேண்டியவனுக்கு மட்டும் திறக்கும் கதவுக்கு நீதி என்றா பெயர்?

நம் சினம் வேறு. 2018 செப்டம்பர் 9 அன்று, பேரறிவாளன் உள்ளிட்ட எழுவரை விடுவிக்கத் தமிழக அமைச்சரவை பரிந்துரைத்தது. அதே ஆண்டு நவம்பரில், ஆளுநரின் ஒப்புதலோடு பேருந்து எரித்த மூவரும் வெளியே வந்தனர். எழுவர் கோப்போ அசையவில்லை! அதே மாளிகை; அதே மேசை! ஒரு கோப்புக்குச் சிறகு; மற்றதற்கு விலங்கு! இரண்டாண்டுக்கு மேல் உறங்கி, 2021இல் டில்லிக்குப் பயணம் போயிற்று அது.

பேரறிவாளன் கேட்டது கருணை மட்டும்தானா? 1991 ஜூனில், 19 வயதில் பிடிபட்டவர். பேட்டரி வாங்கித் தந்தார் என்பது குற்றச்சாட்டு. அது எதற்கென்று தமக்குத் தெரியாது என அவர் கூறியதை எழுதாமல் விட்டதாக, வாக்குமூலம் பதிந்த அதிகாரியே 2013இல் ஒப்புக்கொண்டார்! அதன் பின்னும், 1999 தீர்ப்பைத் திரும்பப் பெறுக என்று அவர் கொடுத்த மனு 2018 மார்ச்சில் தள்ளுபடி!

2022 மே 18 அன்று விடுதலை வந்தது. அமைச்சரவையின் முடிவு ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்ற மாநில உரிமையும் வென்றது. மகிழ்ந்தோம். ஆனால் தோழனே, சிறைக்கதவு திறந்ததே தவிர, பழைய தீர்ப்பு திறக்கப்படவில்லை!

பிரிட்டனைப் பார்! பர்மிங்ஹாம் குண்டுவெடிப்பில் தண்டிக்கப்பட்ட அறுவர், 16 ஆண்டு சிறைக்குப் பின், 1991இல் தீர்ப்பு ரத்தாகி வெளிவந்தனர். நாணிய அந்நாடு, தவறிய தீர்ப்புகளை ஆராயத் தனி ஆணையமே அமைத்தது. 1997இல் அது பணி தொடங்கியது. இங்கே அப்படி ஒன்று உண்டா? இல்லை!

மதுரையில் உடைந்த சிலம்பிலிருந்து தெறித்தது முத்தல்ல, மாணிக்கம். பாண்டியன் தன் பிழையை ஏற்றான், உயிரையே தந்தான். ஆனால் கோவலன் மீண்டானா? தீர்ப்புக்குப் பின் வந்த சான்று, தண்டனைக்குப் பின் வந்ததால் பயனற்றுப் போயிற்று!

ஆகவே கேட்போம்: புதிய சான்று வந்தால் பழைய தீர்ப்பை ஆராய, எவர்க்கும் பொதுவான ஓர் ஆணையம் வேண்டும். நண்பனுக்கும் வேண்டும், நாம் வெறுப்பவனுக்கும் வேண்டும். ஊர்தோறும் இதைச் சொல். அந்த முதியவரைப் போல் எவரேனும் குறுக்கே கேட்டால், தயங்காமல் நின்று விடை சொல்!